துணைக்கு ஓட வந்தவள்

ஒரகடம் பக்கத்து ஜனங்களுக்கு ஓட்டம் என்றாலே மாரத்தான்தான். ஐந்து கிலோமீட்டர் ஓடினாலும் மாரத்தான், நாற்பத்திச் சொச்சம் ஓடினாலும் மாரத்தான். கனகம் ஓடியது பத்து. அதற்கே சேரப்பணஞ்சேரியில் அவளுக்கு ‘மாரத்தான் கனகம்’ என்று பெயர் விழுந்துவிட்டது. கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். இரண்டு பிள்ளை பெற்றவள் பேன்ட் போட்டுக்கொண்டு விடியற்காலையில் ரோட்டில் ஓடினால் ஊர் சும்மா இருக்குமா? ஆனால் வருடா வருடம் ஒரகடத்தில் நடக்கும் மாரத்தானில் இரண்டு வருடம் தொடர்ந்து கம்பெனிப் பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்து, அவள் படத்தைத் தொழிற்சாலை கேன்டீன் வாசலில் மாட்டிய பிறகு, கேலி கழன்றுபோய் பெயர் மட்டும் நின்றது.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேறு யாராவது என்றால் ‘தயவுசெய்து இதைக் கழற்றுங்கள்’ என்று கேட்டிருப்பார்கள். வாய் பிளந்து, ஒரு கண் பாதி மூடி, முகமெல்லாம் வேர்வை. கனகத்துக்கோ அது சாமி படம். அதன் கீழே ‘கனகம், வயரிங் லைன்’ என்று போட்டிருந்தது. பரசுராமன் சம்சாரம் என்று இல்லை, ராஜம்மா வீட்டுப் பெரிய மருமகள் என்று இல்லை. வெறும் கனகம். காருக்குள் போகும் ஒயர்களை நாள் முழுக்க நின்றுகொண்டே பலகையில் பின்னுகிற வேலை அவளுக்கு. சாப்பாட்டு மணி அடித்துத் தட்டை எடுக்கப் போகும்போது அந்தப் படத்தை ஒரு பார்வை பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். இந்த வருடம் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் படம் அங்கே ஏறும், பழையது இறங்கும். அதுதான் வழக்கம்.

இந்த வருடம் அந்த வழக்கத்தை நினைத்தாலே கனகத்துக்குப் பயமாக இருந்தது. காரணம் வெளியில் இல்லை, அவள் வீட்டு மாடியிலேயே இருந்தது. தென்றல். கனகத்தின் கொழுந்தன் எழிலரசனின் மனைவி, அதாவது அவளுடைய ஓரகத்தி.

தென்றலை ஓட்டத்துக்குக் கூட்டி வந்ததே கனகம்தான். பரசுராமன்தான் முதலில் எடுத்துக் கொடுத்தான்.

“இருட்டுல தனியா ஓடாத கனகம். ரோடு பூரா கன்டெய்னர் லாரி நின்னுகினு கீது. நாய் வேற. தென்றல இட்டுக்கினு போ, ஒரு துணையா இருக்கும்.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. கல்யாணமாகி வந்த தென்றலுக்குத் தன் கம்பெனியிலேயே வேலை வாங்கிக் கொடுத்தவள் கனகம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போனவள். இதற்கு மட்டும் மாட்டேன் என்பாளா? மாரத்தானுக்கும் தன் போனிலேயே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதிவு செய்தாள். முதல் இரண்டு நாள் தென்றல் ரப்பர் செருப்போடு ஓடினாள். பாவம் என்று கனகம்தான் தன்னுடைய தேய்ந்த ஷூவை எடுத்துக் கொடுத்தாள். ஒரு சைஸ் பெரிது. முன்னால் துணி திணித்துக்கொண்டு போட்டாள்.

ஒரு மாதத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. தென்றலுக்கு மூச்சு வாங்கவில்லை.

சிப்காட் தொழிற்பேட்டைக்குள் இருக்கும் அகல ரோட்டில் இரண்டு பேரும் ஓடுவார்கள். கனகத்துக்கு வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். தென்றலோ பக்கத்தில் ஓடிக்கொண்டே பேசுவாள். சும்மா இல்லை, கேள்வியாகக் கேட்பாள்.

“அக்கா, இன்னிக்கு கத்திரிக்கா வதக்கலாமா, கொழம்பு வெக்கலாமா?”

கனகத்தால் பதில் சொல்ல முடியாது. சொன்னால் ஓட்டம் போய்விடும். தலையை மட்டும் ஆட்டுவாள்.

“வதக்கலா, கொழம்பா? தலய ஆட்டனா இன்னா அர்த்தங்க்கா?”

அந்த நேரத்தில் கனகத்துக்கு உலகத்தில் கத்திரிக்காய் என்று ஒன்று இருப்பதே பிடிக்காது.

பொறாமை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ‘எனக்கு எதுக்குப் பொறாமை, நான்தானே அவளக் கூட்டியாந்தேன்’ என்பாள். நாம் சொல்லிவிடலாம். பொறாமைதான். தண்ணீர் கலக்காத பொறாமை. தான் வாங்கிக் கொடுத்த வேலை, தான் காட்டிய ரோடு, தான் கழற்றிப் போட்ட ஷூ. இத்தனையையும் எடுத்துக்கொண்டு அவள் தன்னையே தாண்டுகிறாள் என்றால் யாருக்குத்தான் எரியாது?

தாண்டவும் இல்லை, அதுதான் இன்னும் கொடுமை. தென்றல் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே வந்தாள். ஒருநாள் கனகத்துக்குப் பொறுக்கவில்லை.

“எனக்காக நிக்காத. உன்னால எவ்ளோ முடியுதோ அவ்ளோ போ, பாக்கலாம்.”

“நெஜமாவாக்கா?”

“போடி.”

அவள் போனாள். போனது போனதுதான். பின்னல் இரண்டு முறை ஆடியதைப் பார்த்தாள் கனகம். பிறகு வரிசையாக நின்ற லாரிகளுக்கு அந்தப் பக்கம் ஆளையே காணவில்லை. கனகம் நாக்குத் தள்ளிக்கொண்டு டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோது தென்றல் பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். அக்காவுக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். கனகம் பசியில்லை என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கு பார்த்தாலும் தென்றல்தான். டயர் குடோன் வாசலில் இருக்கும் வாட்ச்மேன் சுப்பராயன், இரண்டு வருடமாகக் கனகத்துக்குக் கை தூக்குகிறவர், ஒருநாள் தென்றலுக்கு உடம்பு சரியில்லாமல் கனகம் மட்டும் ஓடியபோது, “இன்னாமா, இன்னிக்கி ஸ்பீடா ஓடறவங்க வரலியா?” என்று கேட்டார். மாமியார் ராஜம்மா தன் பங்குக்கு விட்டு வைக்கவில்லை. “சின்னவ ஓடனா தெருவுல ஆளு போறதே தெரியல. பெரியவ ஓடனா வூட்ல சாமானெல்லாம் அதிருது” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். கம்பெனியில் எச்.ஆர். பிரவீனா கேன்டீனில் இவர்கள் இருவரையும் பார்த்து, “இந்த வருஷம் போட்டோவுக்கு வீட்டுக்குள்ளயே போட்டியா?” என்று சிரித்தாள். தென்றலும் சிரித்தாள். கனகமும் சிரித்துத் தொலைத்தாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள், ஒரகடம் கூட்ரோடு பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நம்பர் கொடுத்தார்கள். நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பர் அட்டை. அதன் முதுகில் மெல்லிசாக ஒரு சிப் ஒட்டியிருக்கும். ஓடத் தொடங்கும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் தரையில் போட்டிருக்கும் பாயை மிதித்தால் அது கூவும். எந்த நம்பர் எவ்வளவு நேரத்தில் வந்தது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். நம்பரைத்தான் அதற்குத் தெரியும், முகத்தை அல்ல. எல்லோருமே போக வேண்டியதில்லை. ஆதார் நகலைக் கொண்டுபோனால் ஒரே ஆள் வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் வாங்கி வரலாம். கனகம் போய் வாங்கி வந்தாள். இரண்டு கவர். ஒன்றின் மேல் கனகம் என்றும் இன்னொன்றின் மேல் தென்றல் என்றும் ஒட்டியிருந்தது.

அறைக்குள் வந்து இரண்டையும் பிரித்துக் கட்டில்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சத்தியமாக முதலில் சும்மாதான் பார்த்தாள். இது அவளுடையது, இது என்னுடையது. நாளைக்கு இந்த அட்டை முதலில் வரும், இந்த அட்டை பின்னால் வரும். என்ன வித்தியாசம் இரண்டுக்கும்? ஒரே காகிதம், ஒரே மை. அட்டையில் பெயர்கூட இல்லை. கவரின் மேல்தான் பெயர்.

‘நான் இல்லன்னா அவ ஏது, அவ ஓட்டம் ஏது’ என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததும் மற்றதெல்லாம் சுலபமாகிவிட்டது. திருடுவதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகத்தான் தோன்றியது. தென்றலுக்கு இந்தப் படம், பெயர், போர்டு எதிலும் ஆசை இல்லை. ஒரு பன் போதும் அவளுக்கு. கனகம் அட்டைகளை மாற்றி எடுத்துக்கொண்டு கவர் இரண்டையும் கிழித்துப் போட்டாள்.

காலையில் புறப்படும்போது அடுப்படியில் ஆவி. ராஜம்மா எழுந்து இட்லி ஊற்றியிருந்தாள். இந்த இரண்டு வருடத்தில் கனகம் ஓடப் போன ஒரு நாளாவது மாமியார் எழுந்து வெந்நீர் வைத்ததுண்டா?

“வெறும் வயித்துல ஓடனா மயக்கம் வரும்டி. துன்னு” என்று தென்றலின் தட்டில் நாலு வைத்துச் சாம்பாரையும் ஊற்றினாள். பிறகு ஞாபகம் வந்தவளாய்க் கனகத்தைப் பார்த்து, “நீ துன்ன மாட்டியே” என்றாள்.

“எனக்கு வேணாம்” என்றாள் கனகம். ஓடுவதற்கு முன்னால் இட்லி தின்னக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். தென்றலுக்கு அதைச் சொல்லியிருக்கலாம். அவள் ஜெயிக்க வேண்டியது இப்போது தனக்காகத்தான் என்பதுகூட அந்த நேரத்தில் நினைவில்லை. தனக்கு வைக்காத இட்லியைப் பார்த்து எரிந்ததில் வாயே வரவில்லை.

தென்றலின் சட்டையில் அட்டையைக் குத்திவிட்டவள் கனகமேதான். நாலு மூலைக்கும் ஊக்கு. தென்றல் குனிந்து பார்த்தாள்.

“அக்கா, அவரு வேற நம்பர் சொன்னாரே. உன் போன்ல மெசேஜ் வந்துதாமே, அத எழுதிக்கினு போனாரு. டூட்டில இருந்துகினே போன்ல பாக்கறேன்னாரு.”

ஊக்கு கனகத்தின் விரலில் குத்தியது.

“எழிலுக்கு இன்னா தெரியும்? கவர் மேல பேரு பாத்து நான்தான் பிரிச்சேன். எங்கயும் மாறல.”

“அதுக்கில்ல…”

“மாறலன்றேனே. நேரா நில்லு.”

வண்டிச் சாவியோடு வாசலில் நின்ற பரசுராமன், “அவ பாத்துதான் செய்வா, வா தென்றல்” என்றான்.

கூட்ரோட்டில் ஒரே கூட்டம். மேடையில் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். கம்பெனிப் பெண்கள் பிரிவுக்குப் பச்சை நிறச் சட்டை. பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்தெல்லாம் பச்சைச் சட்டைகள் வந்து நின்றன. கனகம் தென்றலின் தோளைத் தட்டி, “எனக்காக நிக்காத. முன்னாடியே போய்டு” என்றாள். இந்த வார்த்தையை இவ்வளவு ஆசையோடு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தென்றலுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஓட்டம் தொடங்கியதும் தென்றல் போய்விட்டாள். கனகம் அவள் முதுகைப் பார்க்கவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு பார்க்கத் தேவையில்லாமல் இருந்தது. அவள் எவ்வளவு தூரம் போகிறாளோ அவ்வளவும் லாபம். கனகத்தின் தோள் தளர்ந்தது, பல்லைக் கடிப்பது நின்றது. வாலாஜாபாத் ரோட்டில் காலைக் காற்று எதிரே வந்தது. கால் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பச்சைச் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தாண்டினாள். மூச்சு முட்டவில்லை. கத்திரிக்காயைப் பற்றி யாராவது கேட்டிருந்தால் பதில்கூடச் சொல்லியிருப்பாள்.

யூ டர்ன் போடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரம் ஒரு பச்சைச் சட்டை இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றது. தென்றல்.

“இட்லி குத்துதுக்கா” என்றாள் முனகலாக. “விலாவுல… காலெடுத்து வெக்க முடில. நீ போ.”

கனகத்துக்குப் பகீரென்றது. தென்றலுக்காக அல்ல. அந்த நெஞ்சில் இருப்பது தன் நம்பர்.

“ஓடுடி. நிக்காத. மூச்ச இழுத்து வுடு. ஓடு தென்றல், ஓடுடி” என்று கெஞ்சினாள். தண்ணீர் கொடுக்க நின்றவர் பக்கத்தில் இருந்தவரிடம், “கூடப் பொறந்தவங்க போல. பாரு, எவ்ளோ பாசம்” என்றார். தென்றல் இரண்டு அடி வைத்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

கனகம் திரும்பிப் பார்த்தாள். மற்ற பச்சைச் சட்டைகள் தூரத்தில் வந்துகொண்டிருந்தன. முன்னால் பார்த்தாள். ஒரு பச்சைச் சட்டைகூட இல்லை. தான் முதலில் போய்ச் சேர்ந்தால் அந்தப் பெயர் தென்றலுக்குப் போகும். இங்கேயே நின்றுவிட்டால் யாரோ ஒருத்திக்குப் போகும். நின்றுவிடலாம். கால் பிடித்துக்கொண்டது என்று சொன்னால் முடிந்தது. ஆனால் முன்னால் அந்த ரோடு காலியாகக் கிடந்தது. இந்த ஆறேழு மாதமாக எந்த ரோட்டைப் பார்த்தாலும் அதில் ஒரு பின்னல் ஆடிக்கொண்டிருந்தது. இப்போது இல்லை. அவளால் நிற்க முடியவில்லை. அதுவும் சத்தியம்தான். ஓடினாள்.

திரும்பி வந்த பாதி தூரம் கனகம் வாழ்க்கையிலேயே ஓடாத ஓட்டம் ஓடினாள். வேகமாக ஓடுகிறோம் என்பது அவளுக்கே தெரிந்தது. பாயை மிதித்ததும் அது கூவியது. கூவல் காதில் விழுந்த பிறகுதான் நெஞ்சில் இருந்த தென்றலின் அட்டை கனத்தது.

கழுத்தில் மெடலோடு பந்தலுக்குள் போய் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் கழித்துத் தென்றல் நொண்டிக்கொண்டு வந்தாள். வந்தவள் நேராகக் கனகத்தைக் கட்டிக்கொண்டாள்.

“நீதான் ஃபர்ஸ்ட்டாக்கா? உனக்கு முன்னாடி பச்ச சட்ட யாரும் போவல. நான் பாத்துகினேதான் இருந்தேன். ஜெயிச்சிட்டக்கா.”

அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கனகம் அதைப் பார்க்க மாட்டாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். அப்போது, வண்டியை எங்கோ தள்ளி நிறுத்திவிட்டுக் கூட்டத்தில் சிக்கிக்கொண்ட பரசுராமன் போனைக் காதில் வைத்தபடியே ஓடி வந்தான்.

“தென்றல், எழில் லைன்ல கீறான். நீதான் ஃபர்ஸ்ட்டாமே. போன்ல போட்டுட்டாங்களாம். தென்றல்னு பேரே வந்துட்ச்சாம்.”

போனுக்குள் எழிலரசன் கத்துவது வெளியே கேட்டது. தென்றல் சிரித்துக்கொண்டே, “நான் இல்ல மாமா, அக்காதான்…” என்றாள். அந்த வாக்கியம் பாதியில் நின்றது. குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு கனகத்தின் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு கனகத்தின் முகத்தை. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. அது வற்றி முடியும்வரை கனகம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

“கவர்… மாறிப்போச்சு போல” என்றாள் கனகம்.

“எது மாறிச்சு?” என்றான் பரசுராமன். “காலைல நீதான் பேரு பாத்து பிரிச்சேன்னு சொன்ன. அவ கேட்டதுக்குக்கூட சத்தம் போட்ட.”

மேடையில் பெயரைக் கூப்பிட்டார்கள். கம்பெனிப் பெண்கள், பத்து கிலோமீட்டர், முதலிடம், தென்றல் எழிலரசன். இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். தென்றல் நகரவில்லை.

“நீயே சொல்லுக்கா” என்றாள் மெல்ல. “இன்னா சொல்லணுமோ சொல்லு. நான் நிக்கறேன்.”

சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். ஆனால் பரசுராமன் எதிரில் நின்றான். மேடைக்குக் கீழே பிரவீனா கேமராக்காரரோடு காத்திருந்தாள். அந்த ஒரு வரியைச் சொன்னால் கேன்டீன் வாசலில் படம் ஏறாது, கெட்ட பெயர்தான் ஏறும். அதைக் கழற்றவே முடியாது.

“உன்னத்தான் கூப்புடறாங்க” என்றாள் கனகம். “போ.”

தென்றல் இன்னும் ஒரு கணம் பார்த்தாள். பிறகு போனாள். மேடையில் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். மைக்கை நீட்டி எப்படிப் பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். “எல்லாம் எங்க அக்காதான்” என்று மட்டும் சொன்னாள். கூட்டம் கனகத்தின் பக்கம் திரும்பிக் கை தட்டியது. பரசுராமன் பெருமையில் அவள் முதுகில் தட்டினான். அவளும் கை தட்டினாள். உள்ளங்கை எரிய எரியத் தட்டினாள். வயிறும் எரிந்தது. ஆனால் அது தென்றலைப் பார்த்து எரியவில்லை. இப்போது அந்த ரோட்டில் ஓடி வந்தாளே ஒருத்தி, யாரும் முன்னால் இல்லாமல், மூச்சு முட்டாமல். அவளைப் பார்த்து எரிந்தது. அவள் பெயர் இனி கனகம் இல்லை.

பரசுராமன் இருவரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். கோப்பையோடு தென்றல் பக்கத்தில் வந்து நின்றாள். தோளோடு தோள் இடித்தது. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

“நீ திரும்பி வர்றப்ப உன்ன பாத்தேங்க்கா” என்றாள் தென்றல், கேமராவைப் பார்த்தபடியே. குரலில் கேலி இல்லை, கோபம்கூட இல்லை. “ரோட்டோரமா குந்திகினு பாத்தேன். அந்த மாரி ஓட எனக்கு எப்பவும் வராது.”

இந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்கத்தான் கனகம் இத்தனை மாதமாகத் தூங்காமல் கிடந்தாள்.

“சிரி கனகம்” என்றான் பரசுராமன்.

அவள் சிரித்தாள்.